இளஞ்சிவப்புத் தாளில் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 7

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில், மிஸ் மார்க்கிரட் ஒரு தடித்த கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பறிவாளரின் உதவியாளன் வேலையில் பாதி இதுதான். மீதிப் பாதி கார் ஓட்டுவது.

என் பெயர் சலாவுதீன். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அத்தாவின் ஜவுளிக்கடையில் கைலி மடிக்க மனமில்லாமல் இந்த வேலைக்கு வந்தவன். மிஸ் மார்க்கிரட்டுக்கு ஐம்பத்தாறு வயது. அரசாங்க இலாகா ஒன்றின் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவர். வந்த புகாரை எல்லாம் கடைசி வரி வரை படித்தவர் என்பதால் அந்த இலாகாவில் அவரை யாருக்கும் பிடிக்காது. பென்ஷன் வாங்கியதும் துப்பறியும் நிறுவனம் திறந்தார். அவருடைய திறமை எல்லாம் ஒன்றே ஒன்றுதான்: மற்றவர்கள் படிக்காததைப் படிப்பார்.

எங்களைக் கூப்பிட்டவர் அந்த மாடியில் இருந்த சாப்ட்வேர் கம்பெனியின் முதலாளி சிவகுருநாதன். போன வெள்ளி, 1998 நவம்பர் ஆறாம் தேதி, கிள்ளானில் ஒரு கொள்கலன் கிடங்கில் கிரேன் ஒன்று சரிந்தது. கொள்கலனின் எடை இருபதாயிரம் கிலோ. ஆனால் கிரேன் ஓட்டுநர் நாகையாவின் திரையில் ஒன்பதாயிரம் என்று தெரிந்தது. பன்னிரண்டாயிரம் வரை தூக்கும் கிரேன்தானே என்று அவர் தூக்கினார். இப்போது இடுப்பும் வலது காலும் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கிரேனிலேயே ஒரு அபாய மணி உண்டு. எதற்கெடுத்தாலும் அடித்து உயிரை வாங்குகிறது என்று கிடங்கில் போன வருடமே அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டார்களாம்.

திரையில் எடையைக் காட்டிய நிரல் சிவகுருநாதன் கம்பெனியில் எழுதியது. கிலோவில் வந்த எண்ணை அது ராத்தல், அதாவது பவுண்டு, என்று எடுத்துக்கொண்டு, கிலோவாக மாற்றுவதாக நினைத்து, பாதிக்கும் கீழே குறைத்திருந்தது. அந்த மாதிரி நடக்காமல் தடுக்கும் பகுதியை எழுதியவள் மீனலோசனி. ஆகவே குற்றவாளி மீனலோசனி என்று சிவகுருநாதன் முடிவு கட்டிவிட்டார். மாலை நான்கு மணிக்கு இன்சூரன்ஸ் அதிகாரி வருகிறார். அவர் எழுதிக்கொண்டு போவது நேரே போலீசுக்குப் போகும். அதில் மீனலோசனியின் பெயர் இருக்கும். வேலை போவது போக, கேசும் வரும். சிவகுருநாதனுக்கு எங்களிடமிருந்து வேண்டியது துப்பு அல்ல. வெளியாள் ஒருவர் விசாரித்து ஆமாம் என்று எழுதிக் கொடுத்ததாக ஒரு காகிதம்.

ஆள் தெரியாமல் கூப்பிட்டுவிட்டார் பாவம்.

மீனலோசனி தேநீர் கலக்கும் சின்ன அறையில், கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. டைப்ரைட்டர் மட்டும் தெரிந்த ஒருத்திக்குச் சொல்வது போலச் சொல்லும்படி மிஸ் மார்க்கிரட் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"முறுக்கு உரல் இருக்குல்ல ஆன்டி. உரல் ஒண்ணுதான். அரிசி மாவு போட்டா அரிசி முறுக்கு, கடலை மாவு போட்டா கடலை முறுக்கு. டெம்ப்ளேட்னா அதான். ஒரு தடவை எழுதிட்டா எந்த வகைக்கும் ஆகும்."

எண்களையும் அவள் அப்படி வகை பிரித்து வைத்திருந்தாள். கிலோ ஒரு வகை, ராத்தல் இன்னொரு வகை. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் போட்டால் உரல் சுற்றாது. நாம் எழுதுவதை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் கம்பைலர் அந்த வரியிலேயே நின்றுவிடும். நிரல் ஓட ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. ஓடாத நிரலால் யாருக்கும் இடுப்பு உடையாது.

இவ்வளவு நல்ல தடுப்பு ஏன் தடுக்கவில்லை என்று நான் கேட்டேன். ஜூன் மாதம் வாடிக்கையாளர் முன்னால் நிரலைக் காட்டும்போது, ஜெயராஜ் அவசரத்தில் எழுதிய ஒரு வரியில் கம்பைலர் நின்றுவிட்டதாம். ஜெயராஜ் அங்கே மூத்த நிரலாளன். கோட் போட்ட ஆறு பேர் நாற்பது நிமிடம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கூட்டத்தில் சிவகுருநாதன் உத்தரவு போட்டார். இனிமேல் நிற்கக் கூடாது. வேண்டுமானால் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு மேலே போகட்டும். மீனலோசனி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் தடுப்பை எடுத்துவிட்டு எச்சரிக்கையை வைத்தாள். உத்தரவு வாய்வார்த்தை. காகிதத்தில் எங்கேயும் இல்லை.

"எச்சரிக்கை வந்திச்சா?" என்றார் மிஸ் மார்க்கிரட்.

"வராம எப்படி ஆன்டி. கம்பைலர் திட்டுறப்போ எந்த வகையில தப்புன்னு பேர் சொல்லித்தான் திட்டும். நம்ம சொந்த வார்த்தையைச் சொல்ல வைக்க வழி இல்ல. அதனால வகையோட பேரையே ஒரு வாக்கியமா வெச்சேன். யாராச்சும் எடையைக் கலந்தா, அந்த வகைல வேணும்னே ஒரு சின்னக் குறையைப் போட்டு மாட்டி விட்டுருவேன். கம்பைலர் முழுப் பேரையும் படிச்சுக் காட்டும்."

என்ன வாக்கியம் என்று கேட்டதற்கு ஒரு டிஷ்யூ தாளில் எழுதிக் காட்டினாள். ஆங்கில எழுத்து, தமிழ் வார்த்தைகள், நடுவில் இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடுகள். கிலோவை_ராத்தல்னு_போடுறீங்க_ஆள்_செத்துடுவாங்க.

எனக்கு அவள் மேல் உடனே மரியாதை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளுக்கே இவ்வளவு யோசித்துப் பெயர் வைத்ததில்லை.

சிவகுருநாதனோ அப்படி ஒரு எச்சரிக்கை வந்ததே இல்லை என்று சாதித்தார். விபத்து நடந்த மறுநாளே ஜெயராஜ் எடையைக் கலந்த வரியைத் திருத்தி, பழையதன் மேலேயே எழுதிவிட்டான். அந்த ஆபீஸ் வழக்கம் அது. எச்சரிக்கை வந்திருந்தால் காகிதத்தில் மட்டும்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் அங்கே தரச் சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. தினமும் கம்பைலர் சொன்னதை எல்லாம் அச்சடிக்க வேண்டும், பொறுப்பான ஒருவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தச் சான்றிதழின் நிபந்தனை. படிக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. கையெழுத்து சிவகுருநாதனுடையது.

மிஸ் மார்க்கிரட் புரட்டிய கோப்பு இதுதான். ஒரு நாளைக்கு அறுநூறு எச்சரிக்கை. ஏறக்குறைய எல்லாமே, பெயர் நீளமாக இருக்கிறது, நறுக்கிவிட்டேன் என்ற ஒரே புலம்பல். டெம்ப்ளேட் எழுதினால் பெயர்கள் அனுமார் வால் மாதிரி நீளுமாம், அந்தக் கம்பைலருக்கு அது பிடிக்காதாம். நான் அரைப் பக்கத்தில் கொட்டாவி விட்டேன். அவர் விடாமல் படித்தார். செப்டம்பர் பதினொன்று வரை எல்லாத் தாளும் இருந்தன. விபத்துக்குப் பிறகு வந்த தாள்களும் இருந்தன. செப்டம்பர் பதினாலிலிருந்து நவம்பர் ஆறு வரை மட்டும் இல்லை.

பிரிண்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது என்றார் சிவகுருநாதன். எட்டு வாரமா என்று கேட்டேன். ரிங்கிட் மதிப்பு விழுந்ததிலிருந்து உதிரிப் பாகம் கிடைப்பதில்லை என்றார். அந்த வருடம் எதற்கும் அந்தக் காரணத்தைச் சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டார்கள்.

மிஸ் மார்க்கிரட் கோப்பைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தார். செப்டம்பர் பதினொன்றாம் தேதித் தாளின் இடது ஓரத்தை விரலால் தடவினார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். காய்ந்த பசை. அதில் இளஞ்சிவப்பு நிறத்தில் நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது ரெட்டைத் தாள், சலா. புகார் எப்பவும் ரெண்டு பிரதி வரும். ஒண்ணைத் தொலைக்கிறவங்களுக்கு ரெண்டாவது ஞாபகம் வராது."

ரெண்டாவது எங்கே என்பதை அந்த ஆபீசில் கூட்டித் துடைக்கும் நல்லம்மாள்தான் சொல்லிவிட்டார். அதைக் கேட்க வேண்டும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. தினமும் சாயங்காலம் முதலாளி கையெழுத்துப் போட்ட பிறகு தாளைப் பிரிப்பது அவர் வேலை. வெள்ளை கோப்புக்குப் போகும். அடியில் இருக்கும் பிங்க் தாள், கீழே கடைகளுக்கு முன்னாலுள்ள ஐந்தடிப்பாதையில் கச்சாங் பூத்தே விற்கும் வீரம்மாவுக்குப் போகும். வறுத்த கடலையும் பட்டாணியும் கட்டிக் கொடுக்க அவருக்குத் தாள் வேண்டுமே. மேலே போட்ட கையெழுத்து கார்பனில் அடித்தாளிலும் விழும் என்றும் நல்லம்மாள் சொன்னார். பாஸ் அழுத்தித்தான் எழுதுவாராம்.

நான் படியில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கினேன். வீரம்மாவின் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் கிள்ளானில் கோயில் வாசலில் கடை போடுவாராம்.

ஆக, பெடரல் நெடுஞ்சாலை. பத்து தீகா டோல் சாவடியில் எங்களுக்கு முன்னால் ஒரு லோரி, சில்லறைக்காக டிரைவரின் சட்டைப் பையை எல்லாம் தேட வைத்துக்கொண்டு நின்றது. மணி பன்னிரண்டே முக்கால். எனக்கு ஜும்மா இருக்கிறது என்று நினைவுபடுத்தினேன். நீ தொழு, நான் கடலை வாங்குகிறேன் என்றார் மிஸ் மார்க்கிரட்.

தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நான் வந்தபோது, அவர் கோயில் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, நாற்பது பொட்டலங்களை மடியில் வைத்திருந்தார். கடை முழுவதையும் வாங்கிவிட்டார். பொட்டலத்தைப் பிரி, கடலையை வாளியில் கொட்டு, தாளைப் படி. இதுதான் எனக்கு உத்தரவு. கடலையை வாயில் கொட்டுவது பற்றி உத்தரவு எதுவும் இல்லாததால் நான் அதையும் செய்தேன்.

நாற்பது தாளையும் பிரித்தோம். தேதிகள் சரி. செப்டம்பர் பதினாறு, அக்டோபர் இரண்டு, அக்டோபர் இருபத்தெட்டு. பிரிண்டர் ரிப்பேரில் இருந்த காலத்தில் அது ரொம்ப உழைத்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவகுருநாதனின் கையெழுத்து, நீல நிழலாக. ஆனால் எல்லாத் தாளிலும் நீளப் பெயரை நறுக்கிய புலம்பல் மட்டுமே. மீனலோசனியின் வாக்கியம் ஒன்றில்கூட இல்லை.

மணி இரண்டு. மிஸ் மார்க்கிரட்டின் முகம் சுண்டிப்போயிற்று. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் பொய் சொல்லியிருக்கலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீரம்மா இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் வியாபாரம் ஒரே ஆளிடம் முடிந்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. என்ன தேடுகிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"அதுவா தம்பி. அந்தத் தாள்ல நான் கட்ட மாட்டேனே. கோயில் வாசல்ல நின்னு விக்கிறேன். சாமி கும்பிட்டு வர்றவங்க கைல ஆள் செத்துடுவாங்கன்னு எழுதிக் கொடுக்க முடியுமா. அதெல்லாம் தனியா எடுத்து வெச்சிருக்கேன் லா."

சாக்கை விலக்கி, அடுப்புப் பலகைக்கு அடியிலிருந்து தாள்கட்டு ஒன்றை உருவினார். முப்பத்தொரு தாள்கள், செப்டம்பர் பதினாலு முதல் நவம்பர் ஆறு வரை. மழையில் சில நனைந்து போனதாக வருத்தப்பட்டார். ஒவ்வொரு தாளிலும் புலம்பல்களுக்கு நடுவில் ஒரு வரி. ஜெயராஜின் கோப்புப் பெயர், வரி எண் இருநூற்றுப் பதினாலு, பிறகு கிலோவை ராத்தல் என்று போடுகிறீர்கள் என்ற அந்த வாக்கியம். அதற்குக் கீழே முதலாளியின் அழுத்தமான கையெழுத்து.

பட்டதாரிகள் பதினோரு பேர் இருந்த ஆபீசில் ஒருவரும் படிக்காத எச்சரிக்கையை, கடலை விற்கிற வீரம்மா முப்பத்தொரு முறை படித்து, முப்பத்தொரு முறை அதன் பேச்சைக் கேட்டும் இருக்கிறார். அவரால் முடிந்ததை அவர் செய்தார். தன் வாடிக்கையாளர்கள் யாரையும் சாகவிடவில்லை.

மூன்றே முக்காலுக்கு மீண்டும் அந்த இரண்டாவது மாடி. மிஸ் மார்க்கிரட் தாள்களை சிவகுருநாதனின் மேசையில் வரிசையாகப் பரப்பினார். கடலைத் தோல் ஒன்றிரண்டு சிதறியது. ஜெயராஜும் மீனலோசனியும் கதவோரம் நின்றார்கள்.

சிவகுருநாதன் ஒரு தாளை எடுத்தார், வைத்தார். கெட்டிக்கார மனிதர், சீக்கிரமே வழி கண்டுபிடித்தார். ஒரு நாளைக்கு அறுநூறு வரியை எந்த முதலாளி படிப்பான் என்று கேட்டார். தான் படிக்காமலே கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொள்வதாகவும், அது கவனக்குறைவே தவிரக் குற்றமில்லை என்றும் சொன்னார். ஜெயராஜ் தன் பங்குக்கு, புதுக் கப்பல் கம்பெனி திடீரென்று கிலோவில் எடை அனுப்பியது, தீபாவளிக்குள் முடிக்கச் சொன்னார்கள், ஓடியது, விட்டுவிட்டேன் என்றான். எல்லாம் நியாயமாகத்தான் கேட்டது.

"ஒண்ணே ஒண்ணு எனக்குப் புரியல மிஸ்டர் சிவகுருநாதன்," என்றார் மிஸ் மார்க்கிரட். "வெள்ளைத் தாள்ல செப்டம்பர் பதினாலுல இருந்து நவம்பர் ஆறு வரைக்கும் மட்டும் இல்ல. இந்த வரி வந்த முதல் நாள், கடைசி நாள். கரெக்டா அதே நாள். படிக்காத ஆளுக்கு எங்கிருந்து எதுவரைக்கும் கிழிக்கணும்னு எப்படித் தெரிஞ்சிச்சு?"

சிவகுருநாதன் வாயைத் திறந்தார். பிரிண்டர், உதிரிப் பாகம், ரிங்கிட் எல்லாம் அவர் கண்ணில் வந்து போயிற்று. பிறகு மேசையில் சிதறிய கடலைத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தார். விபத்துக்கு மறுநாள், சனிக்கிழமை, தனியாக உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கோப்பை முழுவதும் படித்திருக்கிறார் மனிதர். படித்ததும் கிழித்திருக்கிறார்.

நான்கு மணிக்கு இன்சூரன்ஸ் அதிகாரி வந்தார். மிஸ் மார்க்கிரட் தாள்களை அவரிடமே கொடுத்தார். மீனலோசனி மேல் குற்றம் எதுவும் இல்லை, ஜூன் மாதம் தடுப்பை எடுக்கச் சொன்னது நான்தான் என்று சிவகுருநாதன் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. இரண்டு நிமிடத்தில் போய்விட்டது.

மீனலோசனி எங்களோடு கீழே இறங்கி வந்தாள். நன்றி சொன்னாள். அழுதாள், சிரித்தாள். கேஸ் முடிந்தது என்று நான் கார்ச் சாவியை எடுத்தேன். மிஸ் மார்க்கிரட் காரில் ஏறாமல் நின்றார்.

"மீனா, செப்டம்பர் பதினாலாம் தேதி அந்த வரிய நீ பார்த்தியா?"

அவள் சிரிப்பு நின்றது. ஐந்தடிப்பாதையில் யாரோ சாம்பிராணி போட்டுக்கொண்டு போனார்கள்.

"பார்த்தேன் ஆன்டி."

பார்த்தாள். அன்றைக்குக் கம்பைலரை ஓட்டியதே அவள்தான். தன் வாக்கியம் திரையில் வந்ததும் அவளுக்கு முதலில் சந்தோஷம்தானாம், தந்திரம் வேலை செய்கிறது என்று. ஜெயராஜின் மேசை ஆறடி தூரம். ஜூன் மாதம் வாயால் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து யாரிடமும் வாயால் சொல்வதில்லை என்று வைராக்கியம். எச்சரிக்கை வந்துவிட்டது, காகிதத்தில் ஏறிவிட்டது, கையெழுத்தும் போடுகிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள். மறந்தும் போனாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. நாள் முழுக்க அவளுக்காக ஓடியதால் வந்த கோபம். மிஸ் மார்க்கிரட் கோபப்படவில்லை. இதை அறிக்கையில் எழுதுவீர்களா என்று மீனலோசனி கேட்டாள். சட்டத்துக்கு இது தேவையில்லை, உன்னிஷ்டம் என்றார் அவர். அவள் நாகையா எந்த வார்டு என்று கேட்டாள்.

ஐந்தரை மணிக்குக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் பார்வை நேரம். நாகையாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கால் ஒரு கம்பியில் தொங்கியது. வாளியில் மிஞ்சிய கடலையை ஒரு பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். மீனலோசனி கட்டில் ஓரம் நின்று, டெம்ப்ளேட், வகை, கம்பைலர் எதையும் சொல்லாமல், எடை தப்பாக வருவது எனக்கு முன்பே தெரியும், நான் யாரிடமும் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னாள்.

நாகையா அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"நான் கிரேன்ல உக்காந்திருந்தா கீழ பேசுறது எதுவும் கேக்காதும்மா. கீழ நிக்கிறவன் கையைத்தான் பார்ப்பேன். யாராச்சும் ஒரு ஆள் கையைத் தூக்கியிருந்தா போதும். எதுக்குன்னு கேக்காம நிறுத்தியிருப்பேன்."

மீனலோசனி அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்வை நேரம் முடியும்வரை அங்கேயே நின்றாள்.